வேலி இல்லாத முற்றம்

ஒரு வீட்டின் உட்புறம் அதில் வாழ்வோருக்கு உரியது, அதில் ஐயமில்லை. அதன் வெளிப்புறம் யாருக்கு உரியது? சுவரை எழுப்பியவருக்கா, அச்சுவரை நாள்தோறும் பார்த்துக்கொண்டு நடக்கும் தெருவினருக்கா? வாசலுக்கு முன்னே மீந்து கிடக்கும் சிறு நிலத்தில் எதை நடுவது, எதை மறைப்பது, எதைத் திறந்து வைப்பது என்பன தோட்டக்காரனின் வினாக்களைப் போலத் தோன்றும். சற்று ஊன்றி நோக்கினால் அவை அண்டை அயலாருக்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றிய வினாக்கள் என்பது புலனாகும். அவ்வுறவை வெளிப்படையாக எடுத்துப் பேசிய ஒரு நூலை இங்கே ஆராய எண்ணுகிறோம். நூல் பழையது. இன்று அதைத் தேடிப் படிப்போர் மிகச் சிலரே. ஆனால் அதன் கொள்கையைக் கண்ணால் காணாதவர் அரியர். அமெரிக்கத் திரைப்படங்களில் வேலியோ மதிலோ இன்றி, வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும் அந்தப் பச்சைப் புல்வெளியைப் பார்த்திராதவர் யார்? அந்தக் காட்சிக்கு அறநெறி விளக்கம் எழுதிய நூல் இது.

பிராங்க் ஜெஸப் ஸ்காட் என்பவர் 1870ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அதனை வெளியிட்டார். நூலின் பெயர் நீளமானது. 'சிறிய அளவிலான புறநகர் இல்ல நிலங்களை அழகுபடுத்தும் கலை' என்று அதனைத் தமிழில் கூறலாம். ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரத்தவரான ஸ்காட், ஆண்ட்ரூ ஜாக்ஸன் டௌனிங் என்னும் தோட்டக்கலை அறிஞரைத் தம் ஆசானாகக் கொண்டவர். நூலையும் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார். அமெரிக்கரின் இல்லத் தோட்டச் சுவையை உருவாக்கியதில் டௌனிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. 1841இல் வெளிவந்த அவருடைய நூல் பல பதிப்புகள் கண்டது. 1852இல் ஹட்ஸன் ஆற்றில் நீராவிக் கப்பல் ஒன்று தீப்பற்றியபோது, 36 வயதிலேயே அவர் உயிர் இழந்தார். ஆசான் பெருநிலக்காரர்களின் மாளிகைகளை மனத்தில் வைத்து எழுதியதை, நகரில் வேலை பார்த்து மாலையில் புறநகருக்குத் திரும்பும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு ஏற்பச் சுருக்கித் தந்தவர் ஸ்காட் எனலாம். அரை ஏக்கர் முதல் நான்கைந்து ஏக்கர் நிலமே நாட்டுப்புற வாழ்வின் நுண்ணிய இன்பங்களை நுகரப் போதும் என்பது அவர் கணக்கு. அரை ஏக்கரைச் 'சிறிது' என்று சொல்ல முடிந்த நாடு அது என்பதையும் நாம் மறத்தல் கூடாது!

அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலின் நிறைகளை முதலில் சொல்லிவிடுதல் முறை. ஸ்காட் ஆடம்பரப் பிரியர் அல்லர். முன்நிலத்தின் நடுவே செடிகளையும் சிலைகளையும் இறைத்து வைப்பதை அவர் விரும்புவதில்லை; நடுவைத் திறந்து விட்டு ஓரங்களில் நடுக என்கிறார். வீட்டுச் சாளரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெளி நிலம் ஓர் ஓவியமாகத் தெரிய வேண்டும் என்றும், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீடே ஓர் ஓவியமாகத் தெரிய வேண்டும் என்றும் இருதிசையிலும் சிந்திக்கிறார். வரைபடங்கள் பலவற்றைத் தந்து, எந்த மூலையில் எந்த மரம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார். அண்டை வீட்டார் கூடிச் செய்யும் அழகூட்டலுக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். தனி வீட்டின் அழகு அந்த வீட்டோடு முடிவதில்லை, பக்கத்து வீட்டின் அழகையும் அது கூட்டும் அல்லது கெடுக்கும் என்னும் உண்மையை இத்தனை தெளிவாகப் புரிந்துகொண்டு எழுதிய ஆசிரியர் அக்காலத்தில் வேறு ஒருவர் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இனி அவருடைய இரு பெருங்கொள்கைகளுக்கு வருவோம். ஒன்று புல்லைப் பற்றியது. ஒட்டக் கத்தரித்த வழவழப்பான புற்பரப்பே புறநகர் இல்லத்தின் அழகுக்கு இன்றியமையாத முதற்கூறு என்கிறார். இதை அவர் சொல்ல முடிந்ததற்குக் காரணம் ஒரு பொறி. 1830இல் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்துப் பொறிவினைஞர் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். அதற்கு முன் புற்பரப்பு என்பது ஆட்டு மந்தை உடையவருக்கோ, அரிவாள் பிடிக்கும் ஆட்கள் பலரை வைத்துக்கொள்ளக் கூடியவருக்கோ மட்டுமே உரிய பெருமையாக இருந்தது. பயிரிடாமல் நிலத்தைச் சும்மா போட்டு வைக்க முடியும் என்று காட்டுவதே அந்தப் பசுமையின் பொருள். பொறி வந்தபின் பிரபுவின் பெருமை குமாஸ்தாவின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. ஸ்காட் அதனைக் குடியாட்சியின் வெற்றியாகக் கண்டார். பிரபுவின் வீண் பெருமையையும் குமாஸ்தா சேர்த்தே வாங்கிக்கொண்டார் என்பது அவர் கண்ணில் படவில்லை.

மற்றொன்று வேலியைப் பற்றியது. நூலின் உயிர்நிலை அதுவே. நாம் ஆக்கியோ பெற்றோ வைத்திருக்கும் இயற்கை அழகை அயலார் பார்வையிலிருந்து உயிர்வேலியிட்டு மறைப்பது கிறிஸ்தவப் பண்புக்கே ஒவ்வாதது என்று ஸ்காட் கடிந்து பேசுகிறார். எல்லாரும் தத்தம் முன்நிலத்தைத் திறந்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அந்தப் பரிமாற்றத்தில் கலந்துகொள்வோர் யாவரும் செல்வராவர். அதனால் ஒருவரும் ஏழையாகார் என்பது அவர் வாதம்.

இக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. தனக்குக் கிடைத்த அருட்கொடையைப் பூட்டி வைத்துக்கொள்பவனை எந்தச் சமயமும் பாராட்டியதில்லை. மரம் நட்டவன் அறியாமலே அதன் கனியை மனிதனோ பறவையோ விலங்கோ உண்டாலும் அது அவனுக்கு ஸதகாவாகும் என்னும் நபிமொழியை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஆகவே, 'உன் தோட்டத்தைத் தெருவுக்கும் கொடு' என்று ஒருவர் சொல்லும்போது நம் உள்ளம் முதலில் அவர் பக்கமே சாய்கிறது. கொடுப்பது எது, பெறுவது யார் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது.

பெறுவது யார் என்பதை முதலில் பார்ப்போம். பரிமாற்றத்தில் 'கலந்துகொள்வோர்' என்னும் சொல்லை ஸ்காட் சிந்தித்துத்தான் எழுதினாரோ என்னவோ, பிற்காலம் அச்சொல்லை மிகக் கவனமாகவே படித்தது. அவர் நூல் வெளிவருவதற்குச் சற்று முன்னரே, சிகாகோ நகருக்கு வெளியே ரிவர்ஸைட் என்னும் குடியிருப்புக்கு ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் திட்டம் வகுத்திருந்தனர். ஒவ்வொரு வீடும் வீதியிலிருந்து 30 அடி உள்ளே தள்ளியிருத்தல் வேண்டும் என்பது அங்கே விதி. இடைப்பட்ட நிலம் பெயரளவில் தனியாருடையது; தோற்றத்தில் பொதுப் பூங்கா. இந்த முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருவெள்ளமாயிற்று. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் லெவிட் குடும்பத்தார் 1947 முதல் 1951 வரை 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். லெவிட்டவுன் என்று பெயர் பெற்ற அவ்வூரில் வேலி போடுதல் கூடாது. பருவகாலத்தில் வாரந்தோறும் புல் வெட்டியாக வேண்டும். குடும்பத்தின் மூத்தவரான ஆபிரகாம் லெவிட், புல்வெளிப் பராமரிப்பைப் பற்றி உள்ளூர் இதழில் தாமே எழுதி வந்தார். ஸ்காட் கண்ட கனவு, அவர் எண்ணிப் பார்த்திராத அளவில் பலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதே லெவிட்டவுனின் தொடக்ககாலக் குத்தகைப் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெள்ளை இனத்தவரல்லாத எவரும் அவ்வீட்டைப் பயன்படுத்தவோ அதில் குடியிருக்கவோ கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் இதற்கு விலக்கு. இத்தகைய இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. ஏட்டிலிருந்து நிபந்தனை நீங்கியதே தவிர, நடைமுறை நீங்கவில்லை. அதே நிறுவனம் பென்ஸில்வேனியாவில் கட்டிய மற்றொரு லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் தம் குழந்தைகளுடன் குடிவந்தனர். அவர்கள் வீட்டின் முன் இரவுதோறும் கூட்டம் கூடிற்று. சாளரத்தின் மீது கற்கள் விழுந்தன. வேலியே இல்லாத ஊர் அது. அந்தப் புல்வெளிகள் ஒன்றோடொன்று இணைந்தேதான் கிடந்தன. கல்லெறிய வந்தவர்களுக்கும் இடையில் ஒரு மதில் குறுக்கிடவில்லை!

வேலி இல்லாமை வேறு, கதவு திறந்திருத்தல் வேறு என்பதை ஸ்காட்டின் நூல் ஓரிடத்திலும் பிரித்துக் காட்டவில்லை. இதுவே அதன் பெருங்குறை என்று நாம் கருதுகிறோம். உயிர்வேலியை அறநெறிக் குற்றமாக்கியவர், ஊருக்குள் யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் கண்ணுக்குத் தெரியாத வேலியைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியிருக்கலாம். அடிமை முறையை ஒழித்த போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில் வெளிவந்த நூலல்லவா இது!

அடுத்து, கொடுப்பது எது என்பதைக் காண்போம். திறந்த புல்வெளி தெருவுக்குத் தருவது காட்சி ஒன்றே. வழிப்போக்கன் அதில் கால் வைக்கலாகாது. அமர இடமில்லை, வெயிலுக்கு ஒதுங்க நிழலில்லை, பறித்து வாயிலிடக் கனியில்லை. பார்த்துவிட்டுப் போகலாம். அதிலும், பார்ப்பவரைவிடப் பார்க்கப்படுபவரே அதற்கு மிகுதியாகக் கடமைப்பட்டுவிடுகிறார். ஒரு வாரம் புல் வெட்டத் தவறினால் அண்டை வீட்டார் முகம் மாறுகிறது. பல ஊர்களில் நகராட்சியிலிருந்து அறிவிப்புக் கடிதமும் வருகிறது. கொடை என்று தொடங்கியது வரியாகிவிட்டது.

இந்த நுட்பத்தைக் கட்டுரையாளர்களைவிட ஒரு நாவலாசிரியர் முன்னதாக உணர்ந்திருக்கிறார். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் எழுதிய 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலைப் புல்லின் கதையாகவும் படிக்கலாம் என்று சொன்னால் அன்பர்கள் வியக்கக்கூடும். பரம்பரைச் செல்வரின் புல்வெளி கடற்கரையிலிருந்து கிளம்பி வீட்டு வாசல்வரை கால் மைல் ஓடி வருகிறது. புதுப் பணக்காரனான காட்ஸ்பியின் புல்வெளியை அடுத்து, கதை சொல்லும் நிக்கின் எளிய வாடகை வீடு. தான் காதலித்த பெண் நிக்கின் வீட்டுக்குத் தேநீர் அருந்த வருகிறாள் என்று அறிந்ததும், காட்ஸ்பி செய்யும் முதற்காரியம் என்ன? அயல் வீட்டுப் புல்லை வெட்டத் தன் ஆளை அனுப்புகிறான். அந்தச் சிறு செயலில் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அடுத்தவர் வாசலையும் தன் அரங்கின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது. அவன் இறந்தபின் அவனுடைய புல்லும் நிக்கின் புல்லைப் போலவே நீண்டு வளர்ந்துவிட்டதை ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். ஸ்காட் அறுநூறு பக்கத்தில் புகழ்ந்த பரிமாற்றத்தின் மறுபக்கத்தை ஃபிட்ஸ்ஜெரால்ட் இரண்டு மூன்று இடங்களில் வைத்துவிட்டார்.

மண்ணும் வானமும் இதில் பேச வேண்டியவை. ஸ்காட்டின் காலத்தில் அவை வாய் திறக்கவில்லை. இங்கிலாந்தின் தூறலும் பனிமூட்டமும் தாமே வளர்க்கும் புல்லை, கோடையில் காய்ந்து போகும் நிலங்களுக்கும் கொண்டு சென்றார்கள். அமெரிக்கப் புல்வெளியின் அடையாளமாகிய கென்டக்கி நீலப்புல்லும் கடல் கடந்து வந்ததுதான். வீடுகளிலும் பூங்காக்களிலும் பந்தாட்ட வெளிகளிலும் உள்ள புல்தரையைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வெளியாயிற்று. அதன்படி அந்நாட்டில் புல்தரையின் பரப்பு ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் விளங்கும். அங்கே பாசனம் பெறும் பயிர்களில் எதுவும் இப்பரப்புக்கு ஈடில்லை. பாசன மக்காச்சோளத்தைப்போல் இது மும்மடங்கு. உண்ணப்படாத, விற்கப்படாத, மாடும் மேயாத ஒரு விளைச்சலுக்கு இத்தனை நிலம்! அந்நாட்டு இல்லங்கள் பயன்படுத்தும் நீரில் சராசரியாக 30 விழுக்காடு வீட்டுக்கு வெளியே செலவாகிறது என்றும், வறண்ட பகுதிகளில் அது 60 விழுக்காடு வரை செல்கிறது என்றும் அரசின் சுற்றுச்சூழல் துறை கூறுகிறது.

நீரோடு நின்றதா? ஒரே இனப் புல் மட்டும் வளர வேண்டும் என்றால் மற்றவை யாவும் சாக வேண்டும். ரேச்சல் கார்ஸன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' வயல்களுக்குத் தெளிக்கும் நஞ்சைப் பற்றிய நூல் என்றே பலரும் நினைத்திருக்கிறோம். புறநகர்வாசி தன் வீட்டுப் புல்லில் தூவும் நஞ்சைப் பற்றியும் அவர் அதில் எச்சரித்தார். அந்நாளில் புல்வெளிகளில் தாராளமாகத் தூவப்பட்ட குளோர்டேன், 1988இல்தான் அந்நாட்டில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. குழந்தைகள் உருண்டு விளையாடும் இடத்தில் அதைத் தூவினார்கள் என்பதை எண்ணும்போது, வழவழப்பான பரப்பே அழகின் முதற்கூறு என்ற ஸ்காட்டின் சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்று மனம் கூசுகிறது.

ஆண்டுக்கு நான்கு அங்குல மழையே பெறும் பாலைவன நகரமான லாஸ் வேகஸில் கதை தலைகீழாகத் திரும்பியது. அங்குள்ள நீர் வாரியம் 1999 முதல், புல்லைப் பெயர்த்து எறிபவருக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்து வருகிறது. கொலராடோ ஆறு வற்றத் தொடங்கியபின், 2021இல் நெவாடா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. யாரும் பயன்படுத்தாது அலங்காரத்துக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்கு 2026 இறுதியோடு ஆற்றுநீரை நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. தனி வீடுகளின் புல்லை அச்சட்டம் தொடவில்லை. வீதி நடுத் திட்டுகளையும் அலுவலக முகப்புகளையுமே குறித்தது. தனி வீட்டு வாசலில் கை வைக்கச் சட்டமன்றமும் தயங்கியிருக்கிறது. 'பயன்' என்னும் சொல் புல்வெளியைக் குறித்து ஒரு சட்டத்தில் ஏறியதே நமக்குக் குறிப்பிடத்தக்கதாகத் தோன்றுகிறது.

சரி, ஸ்காட் கடிந்துரைத்த மதிலுக்கு நியாயம் உண்டா? வெளியே வெறுஞ்சுவர், உள்ளே வானம் நோக்கிய முற்றம், அதில் ஒரு தொட்டி நீரும் ஓர் எலுமிச்சையும் மல்லிகைக் கொடியும். இது ஃபெஸ், திமிஷ்க், கிரனாடா நகரங்களின் வீடு. கிறிஸ்தவப் பண்பு இல்லாமை என்று ஸ்காட் இதனைச் சொல்லிவிடுவார். ஆனால் இச்சுவருக்குப் பின்னும் அயலாரைப் பற்றிய கவலையே நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ கட்டடத் தொழிலில் தேர்ந்தவர். காழிமார்களுக்குக் கட்டட வழக்குகளில் ஆலோசனை கூறியவர். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்ட மாலிக்கி மத்ஹபின் தீர்ப்புகளைத் தொகுத்துக் கட்டட விதிகளைப் பற்றி அவர் நூல் எழுதினார். என் சாளரம் உன் முற்றத்தை நோக்கலாமா, என் அடுப்புப் புகை உன் வீட்டில் புகலாமா, எதிர்வீட்டு வாசலுக்கு நேரே நான் வாசல் வைக்கலாமா என்பன போன்ற வழக்குகள் அதில் பேசப்படுகின்றன. ஸ்காட், என் அழகைப் பார்க்கும் உரிமை அயலானுக்கு உண்டு என்றார். இப்னுர் ராமீ, பார்க்கப்படாமல் இருக்கும் உரிமை அயலானுக்கு உண்டு என்றார். இரண்டையும் ஒருசேரப் படிப்பவருக்கு, இரண்டாமவர் அயலானை மனிதனாகக் காண்கிறார், முதலாமவர் அவனைப் பார்வையாளனாக மட்டும் காண்கிறார் என்று தோன்றும். நமக்கு அப்படித் தோன்றுகிறது.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி, அரபு மொழியில் வீட்டைக் குறிக்கும் 'ஸகன்' என்னும் சொல்லும் அமைதியைக் குறிக்கும் 'ஸகீனா' என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதைக் கட்டடக் கலையோடு பொருத்திக் காட்டினார். இரவில் குளிர்ந்த காற்று கனத்து உள்முற்றத்தில் தங்கி, சுற்றியுள்ள அறைகளுக்குள் கசிந்து, மறுநாள் முற்பகல் வரை வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்று அவர் விளக்கிய முறை, நஞ்சும் மின்சாரமும் வேண்டாத ஓர் ஏற்பாடு. ஆனால் 1946இல் லக்ஸர் அருகே குர்னா மக்களுக்காக மண் செங்கல்லில் அவர் கட்டத் தொடங்கிய புதிய ஊரில், குடிபெயர அம்மக்களிற் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். அழகான முற்றம் ஒன்றே வீட்டை வீடாக்கிவிடாது. பிழைப்பும் அருகில் இருந்தாக வேண்டும். இதையும் அவரே தம் நூலில் வேதனையோடு பதிந்திருக்கிறார். 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்னும் அந்நூல், தோல்வியை மறைக்காததனாலேயே ஸ்காட்டின் நூலைவிட நம் நெஞ்சுக்கு அணுக்கமாகிறது.

மதிலைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. வெறுஞ்சுவர் தெருவுக்கு என்ன தருகிறது? ஃபெஸ் நகரச் சந்துகளில் உயர்ந்த சுவர்கள் நண்பகலிலும் நிழல் தருகின்றன. தெருமுனைக் குழாய்த்தொட்டியில் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. வீடு கண்ணுக்குத் தராததை ஊர் தாகத்துக்குத் தருகிறது. அத்தகைய பொதுக்கொடை இல்லாத இடத்தில் வெறுஞ்சுவர் வெறும் முகத்திருப்பலே. உள்முற்றத்தின் அமைதி அங்கு வாழும் பெண்ணின் விருப்பத்தாலும் அமைந்ததா, அவள் மீது சுமத்தப்பட்டதா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. கதவின் தாழ் அவள் கைக்கும் எட்டுமானால்தான் அது ஸகன்.

நம் பக்கத்து ஊர்கள் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டிருந்தன. காயல்பட்டினத்தில் வீடுகளின் பக்கவாட்டில் செல்லும் முடுக்குகளில் பெண்கள் தம் விருப்பம்போல் வீட்டுக்கு வீடு நடந்து செல்வர். அது சுவருக்குள் அடங்கிய வாழ்வு அன்று. சுவர்களுக்கு இடையே ஓடிய வாழ்வு. தமிழகத்துத் தெருத் திண்ணையோ இன்னும் எளிய விடை. வீட்டுக்காரனின் சொத்து, வழிப்போக்கனின் படுக்கை. ஸ்காட் கூறிய பரிமாற்றத்தின் உண்மையான பொருள் எதுவென்று கேட்டால் திண்ணையைத்தான் சுட்டுவோம். அது கண்ணுக்கு அன்றி உடம்புக்குத் தரப்பட்ட கொடை.

இன்று அந்தத் திண்ணை இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஸ்காட்டின் நூல் நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியாக இராது. சென்னைக்கு வெளியே எழும் குடியிருப்புகளின் விளம்பரப் படங்களில் முதலில் தெரிவது கொரியன் புல். மழையின் பெரும்பகுதியை மூன்றே மாதங்களில் பெற்று மீதி மாதங்களில் காயும் ஊர் அது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை மறந்திருக்க மாட்டோம். புல்லும் வேண்டாம் என்பவர்கள் வாசல் முழுவதும் சிமெண்டுக் கற்களைப் பதித்து, பெய்யும் மழையையும் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இங்கே ஒரு விந்தை. லெவிட்டவுனில் புல் இருந்தது, மதில் இல்லை. நம் புதுக் குடியிருப்புகளில் புல்லும் உண்டு, சுற்றிலும் ஆளுயர மதிலும் உண்டு, வாயிலில் காவலாளியும் உண்டு. ஸ்காட் தந்த காட்சியை எடுத்துக்கொண்டோம். அவர் தர விரும்பிய தாராளத்தை வெளியே நிறுத்திவிட்டோம். பழைய முற்ற வீட்டின் மதிலை எடுத்துக்கொண்டோம். தெருமுனைத் தண்ணீரை விட்டுவிட்டோம்.

ஸ்காட்டுக்கு நியாயம் செய்யும் பொருட்டு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய நூலின் இரண்டாம் பகுதி முழுவதும் மரங்களையும் செடிகளையும் கொடிகளையும் பற்றியது. அது முதற்பகுதிக்கு அளவில் சற்றும் குறைந்ததன்று. ஓக், மேப்பிள், எல்ம் என ஒவ்வோர் இனத்தையும் அதன் வடிவம், வளர்ச்சி, இலையின் நிறம், தோட்டத்தில் அதற்குப் பொருந்தும் இடம் என்று பொறுமையாக விவரிக்கிறார். புல்லைப் பற்றி எழுதியபோது கட்டளையிட்டவர், மரங்களைப் பற்றி எழுதும்போது காதலராகிவிடுகிறார், நடையும் நெகிழ்கிறது. அந்நூலிலிருந்து புல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, நிழல் தரும் பகுதியை அலமாரியிலேயே விட்டுச் சென்றவர்கள் அவருடைய வாசகர்கள். லெவிட்டவுனிலேனும் வீட்டுக்குச் சில இளங்கன்றுகளை நட்டுக் கொடுத்தார்கள். கொரியன் புல் விளம்பரங்களில் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.